மந்தாரை பூக்கட்டும்

என் ஓரகத்தி, என் புருஷனின் அண்ணன் சம்சாரம் காத்தாயிதான் இதை எனக்கு முதலில் சொன்னாள். எழுபத்தாறாம் வருஷம், கார்த்திகை மாசம். நான் கல்யாணமாகிக் குடவாசல் பக்கம் அவர்கள் வீட்டுக்கு வாழ வந்த புதுசு.

"அந்தம்மாவ அப்ப நான் வையாத நாள் இல்ல புள்ள" என்றுதான் ஆரம்பித்தாள்.

அந்தம்மா என்றால் அகிலாண்டத்தம்மா. பண்ணையார் துரைராசுவின் சம்சாரம். அவர்கள் மனையில்தான் காத்தாயியும் அவள் புருஷன் ஐயாவும் குடிசை போட்டிருந்தார்கள்.

குடிசை வாசலில் ஒரு பூமரம் வேண்டும், அதுவும் கத்தரிப்பூ நிறத்தில் வேண்டும் என்று காத்தாயிக்கு ஆசை.

"பூமருது வெச்சுடலாமா?" என்றான் ஐயாவு.

"அது ஆத்தங்கரை மரம். வளந்துச்சுன்னா நம்ம கூரையத் தூக்கிக்கிட்டுப் போயிடும்."

"அப்ப புங்கை? நெழலு நல்லா இருக்கும்."

"பொரி கொட்டுன மாதிரி பூ உதுரும். யாரு பெருக்குறது, நீயா?"



கடைசியில் திருப்பனந்தாளில் தன் அம்மா வீட்டிலிருந்து ஒரு மந்தாரைக் கன்று கொண்டுவந்து வைத்தாள். மாட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை. சின்ன வாசலுக்கு அடக்கமான மரம். மூணாம் வருஷம் ஐப்பசியில் ஊதா ஊதாவாகப் பூத்தது.

மறுநாள் விடிவதற்குள் அகிலாண்டத்தம்மா கூடையோடு வந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறிக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்தாள் காத்தாயி. காதில் விழுகிற மாதிரிதான்.

"சாமிக்குத்தான்டி" என்று சொல்லிக்கொண்டே கொம்பை வளைத்தார் அந்தம்மா.

பூக்கிற காலமெல்லாம் இதே கதை.

"மனை அவங்களது, மரமும் அவங்களதுன்னு நெனப்பு" என்றான் ஐயாவு. "இன்னிக்குப் பூவ எடுக்குறாங்க. நாளைக்கு நம்மளயே எடுத்து வெளில போடுவாங்க பாரு."

அவன் வாய் முகூர்த்தம், அப்படியே ஆகப் பார்த்தது.

அடுத்தவர் மனையில் குடிசை போட்டிருக்கும் கூலியாட்களுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. துரைராசு கறுப்புச் சட்டைக்காரர். சொந்த வீட்டுச் சாமி அறையைக்கூட எட்டிப் பார்க்காதவர். அந்தச் சட்டத்தைப் புகழ்ந்து மேடையில் ஒரு மணி நேரம் பேசினார். கீழே இறங்கியதும் முதல் வேலையாக, "காத்தாயி போன மாசம்தான் வந்து கூரை போட்டாள், அதுவரை காலி மனை" என்று மனு எழுதிக் கொடுத்தார்.

ஆனி மாசம் தாசில்தார் நேரில் பார்க்க வந்தார். ரெண்டு பக்கமும் சாட்சி சொன்னார்கள்.

"எல்லாம் அவங்கவங்க ஆளு. இதை எப்படி நம்புறது?" என்றவர், வாசல் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "இது போன மாசம் வெச்ச மரமில்லையே?"

"அது நான் வெச்சதுங்க" என்றார் துரைராசு, கூசாமல்.

"பொய்யி சாமி! என் கையால வெச்சு, என் கையால தண்ணி ஊத்தினேன்."

தாசில்தார் மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மொட்டுகூட இல்லை. மந்தாரையில் வெள்ளையும் உண்டு, ஊதாவும் உண்டு. இலையை வைத்துச் சொல்ல முடியாது.

"வெச்சவங்களுக்கு என்ன நிறம் பூக்கும்னு தெரியாமலா இருக்கும்? நாளைக்கு ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க. தனித்தனியா என் காதுல மட்டும் சொல்லுங்க. பூக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

காத்தாயி பண்ணையார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தினமும் பூப் பறிக்கிறவள் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறாளே! ராத்திரி புருஷன் ஒரு வார்த்தை கேட்டால் போதுமே!

"மரத்த வெச்சதுக்குப் பதிலா என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டிருக்கலாம்" என்று அழுதாள்.

மறுநாள் இருவரும் போனார்கள். ஆளுக்கு ஒரு நிறம் சொல்லிவிட்டு வந்தார்கள். அடுத்தவர் சொன்னது என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆடி, ஆவணி, புரட்டாசி முழுக்கக் காத்தாயி காளியம்மனுக்கு விளக்குப் போட்டாள். கொம்பில் எறும்பு ஊர்ந்தால்கூட மொட்டோ என்று ஓடிப்போய்ப் பார்த்தாள்.

ஐப்பசியில் மரம் பூத்தது. தாசில்தாருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

வந்தவர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார்.

"இந்தம்மா சொன்னது ஊதா. நீங்க சொன்னது வெள்ளை. மனை காத்தாயிக்குத்தான்."

துரைராசு முகம் செத்துப்போய்விட்டது. எல்லாரும் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற சம்சாரத்தைப் பார்த்துக் கத்தினார்:

"ஏண்டி, வெள்ளைன்னு அடிச்சு சொன்னது நீதானே? தினம் சாமி கும்பிடுறவ பொய் சொல்ல மாட்டான்னு உன்னைப் போய் நம்பினேனேடி!"

அகிலாண்டத்தம்மா வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் கையில் இருந்த கூடை நிறைய ஊதாப் பூ.

என் பிள்ளைகள் பிறந்து, படித்து, ஆளானதெல்லாம் அந்த மனையில்தான். இன்றைக்கு உங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, அந்தம்மா பேரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.