சாம்பிள் கவுன்

"கையத் தூக்கு, கண்ணு."

ஆறு வயது மயில்சாமி தூக்கவில்லை. மண்ணரை பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிள் மேல் தலை கவிழ்ந்து நின்றான்.

இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்த களைப்போடு, கட்டிங் மாஸ்டர் கன்னையன் ரோஸ் கவுனைப் பிடித்தபடி மகனிடம் கெஞ்சினார். வெளிநாட்டுக்குப் போகும் சாம்பிள். அந்த அளவு அவன் உடம்புக்குத்தான் பொருந்தும்.

"இது பொம்பளப் புள்ளைங்க போடறதுங்கப்பா. பசங்க சிரிக்கறாங்க."

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. துணிக்கு ஆம்பள, பொம்பள தெரியுமா? எதைப் போட்டாலும் நீ நீதான், கண்ணு."

பையன் யோசித்தான். கைகள் மெல்ல உயர்ந்தன.

முதலாளி பொங்கியண்ணன் வந்து கவுனைச் சுற்றிப் பார்த்தார்.

"அளவு சரியா இருக்குதுங்க மாஸ்டர். புள்ளையும் அம்மாவும் ஜோடியாப் போடற மாதிரி, இதே மாடல்ல அம்மா சைஸ்லயும் ஒண்ணு வெளிநாட்டுக்காரங்க கேட்டாங்கல்ல, அதையும் தெச்சாச்சு. யாருக்குப் போட்டுப் பாக்கறது?"

கையில் பெரிய ரோஸ் கவுனோடு, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களைப் பார்த்தார். ஓவர்டைம் பார்த்தே இளைத்துப்போன அவர்களில் ஒருத்திக்கும் அந்த இடுப்பு இல்லை. பார்வை கன்னையனின் தொந்தியில் வந்து நின்றது.

"நானுங்களா? நாலு பேரு பாத்தா என்னங்க நெனப்பாங்க!"

பெரிய கவுனை மயில்சாமி வாங்கிக்கொண்டான். டேபிள் மேல் நின்றதால் அப்பாவின் தலை அவனுக்கு எட்டியது.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. கையத் தூக்குங்கப்பா."