கத்தரித்த நெகட்டிவ்

சாப்பாட்டு மேஜையில் ஸ்கேனர் முனகி ஓய்கிறது. பழைய நெகட்டிவில் அம்மாவின் கண்ணுக்குக் கீழே வெள்ளையாகக் கிடந்த திட்டு, கணினித் திரையில் கன்றிக் கறுத்து நிற்கிறது. அன்று அடித்தவரும் அப்பாதான், அடித்த கையோடு வெளிச்சம் பார்த்து நிறுத்திப் படம் எடுத்தவரும் அவர்தான். "தூசிடா, அழிச்சிடு. சாயந்தரம் எங்க கல்யாண நாளுக்கு ஊரே வரும், இந்தப் படமெல்லாம் டிவில ஓடும்" என்கிறார் அப்பா. "தூசி எங்கயாவது வீங்குமாப்பா?" என்கிறான் மகன். பளாரென்று அறை விழுகிறது. அப்பா பிலிமைப் பிடுங்கிக் கத்தரியால் கண்டதுண்டமாக நறுக்குகிறார். தடுக்கப் போன மகனின் விரலிலும் ரத்தம். நெகட்டிவ் போனால் படமும் போயிற்று என்பது அவர் காலத்து நம்பிக்கை; ஜெயித்த களைப்பில் மூச்சு வாங்குகிறார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, திரையில் அப்படியே இருக்கும் தன் முகத்தை நிதானமாகப் பார்க்கிறாள். "இதையே முதல் படமா வைடா. டிவில நல்லாப் பெருசாத் தெரியட்டும்."