மேடையேறிய கரடி

“கரடிக்கு ஒத்த ரூவா தர மாட்டோம்ங்க. கொடுத்த அட்வான்ஸையும் மரியாதையா திருப்பி அனுப்புங்க!”

போனில் கத்தியவர் திருக்கோவிலூர் பிரவீன்குமார். முந்தாநாள் அவருடைய தம்பிக்குக் கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கைகொடுத்து ஆடுவதற்கு, கரடி வேஷக்காரர் ஒருவரை புக் செய்திருந்தார்.

“இன்னாங்க ஆச்சி?” என்று கேட்டாள் அபிநயா.

“இன்னா ஆகல? வாசல்ல நிக்கச் சொன்னா நிக்கல. ஒரு ஆட்டம் ஆடல. நேரா மேடைக்கு ஏறிப் போயி, பொண்ணு கையப் புடிச்சிக்கினு வுடவே இல்ல. அது பயந்துபோயி அழுதுடுச்சிங்க. சொந்தபந்தம் முன்னால எங்க மானமே போச்சி. அந்தப் பொண்ணே சொல்லித்தான் உங்க கம்பெனிய புடிச்சோம். நல்லா வச்சீங்க ஆப்பு! இன்னிக்கே பணம் வரலன்னா போலீஸுக்குப் போயிடுவேன்.”

அபிநயா போனை வைத்தாள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த அலுவலகம். செண்டை மேளம், பாட்டுக் கச்சேரி, தொகுப்பாளர், கரடி, குரங்கு என்று விசேஷத்துக்கு எந்தக் கலைஞர் வேண்டுமானாலும் அங்கே கிடைப்பார்கள். யார் எங்கே போனார்கள், அட்வான்ஸ் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எல்லாவற்றையும் சாஃப்ட்வேரில் ஏற்றுவதுதான் மூன்று மாதமாக அவள் வேலை.

முதலாளி தங்கதுரை எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். மேளக்காரர் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் கூலியில் பிடித்துவிடுவார். தப்பாக நடந்துகொண்டதாகப் புகார் வந்தாலோ, அந்தக் கலைஞர் பேருக்கு சாஃப்ட்வேரில் சிவப்புக் குறி. அதற்கப்புறம் அவருக்கு எந்த வேலையும் போகாது.

கரடிக்கு நேராக இருந்த பேர் வெள்ளையன். கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். கல்யாண சீசனில் கீழே இறங்கி வேஷம் கட்டும் காசில்தான் அவருடைய பிள்ளைகள் இரண்டும் ஹாஸ்டலில் தங்கிப் படித்தன. இதுநாள் வரை அவர்மேல் ஒரு சின்னப் புகார்கூட வந்ததில்லை.

கூலி வாங்குவதற்காக வெள்ளிமலை பஸ்ஸில் வந்து இறங்கி, அவரே மாடிப்படி ஏறி வந்தார்.

“அண்ணா, திருக்கோவிலூர்ல இன்னா பண்ணிட்டு வந்தீங்க?”

“இன்னா மேடம்?”

“மேடையில ஏறி பொண்ணு கையப் புடிச்சீங்களாமே! உங்களுக்கே இது நல்லா இருக்குதா?”

வெள்ளையன் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டை மடிக்க ஆரம்பித்தார்.

“ஏதாவது சொல்லுங்கண்ணா. சொல்லலன்னா உங்க பேருக்குச் செவப்பு போட்டாவணும். அப்புறம் புள்ளைங்க படிப்புக்கு இன்னா பண்ணுவீங்க?”

“நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல மேடம். போட்டுக்கோங்க.”

அபிநயாவுக்குக் கோபம் ஒரு பக்கம், இரக்கம் ஒரு பக்கம். மனுஷன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் அவள்தான் என்ன செய்வாள்? சிவப்புக் குறியைப் போடப் போன நேரத்தில் தங்கதுரை உள்ளே வந்தார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தொலைந்தார் வெள்ளையன் என்றுதான் நினைத்தாள்.

தங்கதுரை கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பிரவீன்குமாருக்கு அட்வான்ஸ திருப்பி அனுப்பிடும்மா. வெள்ளையனுக்கு முழுக் கூலியும் போட்டுடு. செவப்பெல்லாம் வேணாம்.”

இன்றைக்குக் கட்டாயம் மழை வரும் என்று நினைத்துக்கொண்டாள் அபிநயா.

“சார், போன வாரம் லேட்டா வந்த செண்டைக்காரர்கிட்ட ஐநூறு புடிச்சோம். இவருக்கு முழுசா குடுத்தா மத்தவங்க கேக்க மாட்டாங்களா?”

“இவன் அன்னிக்குப் போகவே இல்லம்மா. வூட்டுலயே இருடா, கூலி தந்துடறேன்னு நான்தான் சொன்னேன். சொன்ன சொல்லக் காப்பாத்திக்கினு வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கான் பாரு.”

வெள்ளையன் தலையை மட்டும் ஆட்டினார்.

“அப்போ கரடி போட்டது யாரு சார்? அந்த ஆளு பேரச் சொல்லுங்க. அவர் கணக்குல புடிச்சிடறேன். பொம்பளப் புள்ள கையப் புடிச்சி அழ வச்ச ஆள சும்மா வுடலாமா?”

“வுட்டுடும்மா. நான் சொன்னத மட்டும் ஏத்து.”

முணுமுணுத்தபடியே ஏற்றினாள். அட்வான்ஸ் திரும்பிப் போனது. கூலியும் போனது. வரவில் ஒன்றும் இல்லாததால் சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளாமல் நின்றது.

“எந்த வகைச் செலவுன்னு கேக்குது சார். சொன்னாத்தான் கணக்கு முடியும். நஷ்டம்னு போட்டுடட்டுமா?”

“நஷ்டம்னு போடாத,” என்றார் தங்கதுரை. “என்னக் கேக்காம கட்டிக்கிச்சேன்னு, கல்யாணத்துக்கு வரவே மாட்டேன்னு ஊரக் கூட்டிச் சொன்னவன் நான்... எம்பொண்ணு கல்யாணச் செலவுன்னு போடும்மா.”