மனிதக் கை படாதவை

மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.

பட்டியல் திரையை நிறைத்துக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. பழைய பதிவுகளை அழிக்கும் கருவியே அதற்கு ஒரு தலைப்பும் வைத்திருந்தது: மனிதக் கை படாதவை.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

எல்லாமே ஜெபசிங் பெயரில் இருந்தன.

ஜெபசிங் இறந்து நான்கு மாதம் ஆகிறது. தாம்பரத்தில், தனியாக இருந்த வாடகை வீட்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு. ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்குக் குழு எழுதும் நிரல்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தில் அவர் பெயரில் ஒரு பதிவு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எந்தச் சோதனை தேறியது, எது தேறவில்லை என்று சொல்லும் அறிக்கை. பக்கத்தில் ஹெல்மெட்டோடு சிரிக்கும் அவர் படம்.

பேயெல்லாம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு அவர் எழுதிவைத்த, தானாக ஓடும் குட்டி நிரல் அது. அதற்கென்று தனிக் கணக்கு வாங்கியிருக்க வேண்டும். மூன்று பேரிடம் அனுமதிக்கு அலைய வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தன் கணக்கிலேயே ஓடவிட்டுவிட்டார். இந்தத் தொழிலில் இந்தச் சோம்பேறித்தனத்தைச் செய்யாத ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். கணக்கை மூடினால் கூடவே வேறு எது எது நின்றுபோகுமோ என்ற பயத்தில், அவர் போன பிறகும் யாரும் அதில் கை வைக்கவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண், ஜெபசிங் எந்த மாடியில் உட்காருவார் என்று கேட்டாள்.

அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் இந்தத் துப்புரவு. குழுத் தலைவி என்பதால் அவள் தலையில் விழுந்தது. விதி எளிது. அந்தக் கணக்கிலிருந்து வந்ததெல்லாம் இயந்திரம் போட்டது. போட்டு முப்பது நாளாகியும் ஒருவரும் பதில் எழுதவில்லை என்றால் அழிந்துவிடும். ஒரே ஒரு பதில் இருந்தாலும் தங்கும்.

இப்போது நடந்தது, எதையும் அழிக்காத ஒத்திகை. நிஜ ஓட்டம் மாலை நான்கு மணிக்கு.

ஒத்திகைக்குப் பிறகு நாலைந்தைத் திறந்து பார்ப்பது அவள் வழக்கம். மூன்றாவதைத் திறந்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. திருத்தப்பட்டது.

போட்டதைத் திரும்பி வந்து திருத்துகிற வேலை அந்த நிரலுக்குக் கிடையாது.

அறிக்கைக்குக் கீழே ஒரு வரி இருந்தது.

'யாராவது இதைப் படிக்கிறீங்களா?'



திருத்தப்பட்டவற்றை மட்டும் தேடி எடுத்தாள். நாற்பத்தொன்று. எல்லாம் அவருடைய கடைசி இரண்டு மாதத்தில் போட்டவை. அலுவலகம் இடம் மாறும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்த சமயம்.

'இன்னிக்கு எல்லாச் சோதனையும் தேறிடுச்சு. சொல்லத்தான் ஆளில்லை.'

'இங்க மழை. அங்க?'

'மூணு நாள் கழிச்சு நேத்துதான் வாயைத் திறந்து பேசினேன். தண்ணி கேன் போடுறவர்கிட்ட.'

கடைசிப் பதிவின் கீழே,

'சரி. என்னையும் மெஷின்னே வச்சுக்கோங்க.'

ஒன்றுக்கும் பதில் இல்லை.

எதிர் மேசையில் நௌஷாத் இருந்தான். குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆனவன். ஜெபசிங்கின் அறிக்கையை எப்போதாவது திறந்து படித்திருக்கிறானா என்று கேட்டாள்.

"அதை யாரு படிப்பா அக்கா? சேர்ந்த அன்னிக்கே மியூட்ல போட்டுட்டேன். நீங்கதானே போடச் சொன்னீங்க."

அவள்தான் சொன்னாள். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முதலில் மியூட்டில் போட்டதும் அவள்தான்.

நௌஷாத் என்னவோ கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

மணி மூன்றே கால்.

நான்கு மணி ஓட்டத்தை நிறுத்திவைக்க ஒரு சொடுக்கு போதும். அவள் விரல் அதன் மேலேயே நின்றது. நிறுத்தினால் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். பதில் இல்லாமலே பிழைத்துக்கொள்ளும்.

நிறுத்தவில்லை.

முதல் பதிவைத் திறந்து எழுதினாள். 'படிச்சேன்.'

அடுத்ததைத் திறந்தாள். 'நல்ல சேதி ஜெபசிங்.'

'இங்கயும் மழைதான்.'

தண்ணீர் கேன் பதிவுக்கு மட்டும் ஆறு நிமிடம் ஆயிற்று. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் ஒரு மன்னிப்புத்தான் மிஞ்சியது. அதை அனுப்பினாள்.

நாற்பத்தொன்றையும் முடித்தபோது நான்குக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

நான்கு மணிக்குக் கருவி ஓடியது. எழுநூற்று எழுபத்தொன்று போயின. நாற்பத்தொன்று நின்றன.

அப்போதுதான் அவளுடைய கணினி மெல்ல ஒலி எழுப்பியது. ஒரு மின்னஞ்சல். அதன் மேல் இன்னொன்று. வரிசையாக வந்துகொண்டே இருந்தன. இல்லாமல் போனவரின் தபாலை, மணிக்கொரு முறை மொத்தமாக, அவருக்கு மேலே இருப்பவருக்குத் திருப்பிவிடுவது அங்கே வழக்கம். நான்கு மாதத்தில் அப்படி ஒரு தபாலும் வந்ததில்லை.

'ஜெபசிங், நீங்கள் எழுதியதற்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.'

நாற்பத்தொன்றும் தடித்த எழுத்தில், படிக்கப்படாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

அவள் ஒன்றையும் திறக்கவில்லை. அவை அவளுக்கு வந்தவை அல்ல.