மஞ்சள் கோட்டு

தொண்ணூற்று நான்கில் நகரிக் கொட்டகையில் அந்த உளவாளிச் சிரிப்புப் படம் ஐந்து நாள்தான் ஓடியது. அதில் பைத்தியக்கார விஞ்ஞானி பச்சைத் திரவத்தைக் குலுக்கும்போது, பின்னால் மஞ்சள் கோட்டு போட்ட ஏழு அடியாட்கள் வரிசையாக நிற்பார்கள். நான்காவது ஆள் தாமோதரன். நூல் விலை ஏறி வீட்டு விசைத்தறி நின்றதும் சென்னைக்குப் பிழைக்கப் போனவன். எட்டு மாதமாகக் கடிதம் இல்லை.

அவன் மனைவி குமுதா ஐந்து நாளும் மாட்னிக்குப் போனாள். தறியில் அறுந்த இழையைத் தேடிப் பழகிய கண் அவளுடையது. இரண்டாம் நாள் அவன் ஐந்தாவதாக நின்றான். மூன்றாம் நாள் ஆறாவதாக. நான்காம் நாள் ஏழாவதாக, விஞ்ஞானியின் ஆய்வுக்கூட இரும்புக் கதவை ஒட்டி.

"அண்ணா, டெய்லி வேற படப் பொட்டியா ஓட்டிக்கினு கீறீங்கோ?" என்று ஆபரேட்டரிடம் கேட்டாள்.

"இல்லம்மா. ஒரே பொட்டிதான்."

ஐந்தாம் நாள் ஆறு பேர்தான் நின்றார்கள். கதவு திறந்து கிடந்தது.

குமுதா பாதிப் படத்தில் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். தெருமுனையிலேயே அவள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. வாசல் கொடியில், துவைத்துப் போட்ட மஞ்சள் கோட்டிலிருந்து பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதனடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.