துரை சொன்ன 'நாங்கள்'

கோட்டையில் அரிசி தீர்ந்த அன்று மாலை, மேஜர் பென்ரோஸ் துரை சிப்பாய்களை வரிசையாக நிற்கவைத்துத் தமிழிலேயே சொன்னார்: "விடிந்ததும் நாங்கள் படகேறிப் போகிறோம்." எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். ஹவில்தார் வேதகிரிக்கு மட்டும் அந்த 'நாங்கள்' உறுத்தியது. துரை மீசை அரும்பாத லெப்டினன்டாக வந்திறங்கிய நாளிலிருந்து வேதகிரிக்கு அவரைத் தெரியும். "நாம் நனைகிறோம், நாம் பட்டினி கிடக்கிறோம்" என்று கூடவே நின்று பேசிய வாய் அது. காப்டனாகி, தமிழ்ப் பரீட்சையும் தேறி, மேஜராக உயர்ந்தபிறகா 'நாம்' மறந்துபோகும்? துறையில் கிடந்த படகுகளோ சொற்பம். தண்ணீர்ப் பக்கம் தவிரக் கோட்டையைச் சுற்றி எதிரி நின்றான். வெள்ளைக்காரர்கள் மட்டும் ஏறிப் போய்விட்டால் சிப்பாய்களில் ஒருத்தன் தலையும் மிஞ்சாது. வேதகிரி துரையிடமே போய்க் கேட்டுவிட்டார். "நீங்க சொன்ன நாங்கள்ல நாங்களும் உண்டா, துரை?"

"உங்கள் பாஷை எனக்கு எங்கே, ஹவில்தார், பிடிபடுகிறது?" என்று பிசிறில்லாத தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தார் துரை.

வேதகிரியும் சிரித்துவைத்தார். சலாம் போட்டார். நேரே படகுத்துறைக்கு இறங்கிப்போய், துடுப்புகளை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டுவந்து, அவற்றைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கும்படி தன் ஆட்களிடம் சொன்னார்.

"இது எதுக்கண்ணே?" என்றான் சிப்பாய் மதார்.

"துரைக்கு இலக்கணம் தடுமாறுதுடா. சரியா வர்ற வரைக்கும் இது நம்மகிட்ட இருக்கட்டும்."