ஒரு பாட்டில் கடல்

"கடல் தண்ணியா? எதுக்கு மாமி?" என்றாள் ருக்கு.

"சும்மாதான்மா. ஒரே ஒரு பாட்டில். பூரியிலேர்ந்து திரும்பி வரச்சே கொண்டு வந்தாப் போறும்."

எதிர் குவார்ட்டர்ஸ் ஜெயலட்சுமி மாமி, கழுவித் துடைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினாள். நாக்பூரிலிருந்து மாற்றலாகி டெல்லியில் இந்தக் கோல் மார்க்கெட்டுக்கு வந்து நாலு மாதம்தான். மாமியும் சரி, மாமாவும் சரி, யாரோடும் ஒட்ட மாட்டார்கள். இன்றைக்கு மட்டும், ருக்கு பெட்டி கட்டுகிற நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கிறாள்.

மாமி தலை மறைந்ததும் ருக்கு கணவனிடம் பொரிந்தாள்.

"பாத்தேளான்னா? நாமளே கல்யாணம் ஆகி இப்பத்தான் முதல் தடவையா ரெண்டு நாள் கடல் பாக்கப் போறோம். திருஷ்டி கழிக்க வீடு பூரா தெளிக்கணுமாம், அதுக்கு நாம சுமக்கணும்."

"திருஷ்டின்னு அவ சொன்னாளா?" என்றான் ஜம்பு.

"சொல்லணுமா என்ன? வேற எதுக்குக் கடல் தண்ணி?"

ஜம்புவின் ஆபீஸ் செலவு கொடுக்கிற எல்.டி.சி.யில் பயணம். போக வர ரயிலிலேயே மூன்று நாள் போய்விட்டது. நடுவில் சனி, ஞாயிறு மட்டும் பூரி. இருந்தாலும் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த மகள் சுவர்ணாவுக்கு, எட்டு வயதில் அதுதான் முதல் கடல்.

"மம்மி, இத்னா படா! எவ்ளோ பெரிசு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அலை வந்ததும் அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். ருக்குவும் வயசை மறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

ஞாயிறு சாயங்காலம் பாட்டிலை மறக்காமல் ரொப்பித்தான் எடுத்து வந்தாள். பெட்டியை மூடும்போதுதான் வினை.

"காஜா ஸ்வீட் டப்பாவே திணறிண்டிருக்கு. இது கொட்டித்துன்னா என் பட்டுப் புடவை போச்சு."

லாட்ஜ் பின்கட்டில் தண்ணீரைக் கவிழ்த்தாள். காலி பாட்டிலில் சுவர்ணா பொறுக்கிய கிளிஞ்சல்களைப் போட்டு மூடினாள்.

டெல்லியில் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை, மாமி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கொண்டு வந்தியாம்மா?"

"பின்னே? பெட்டியில இருக்கு மாமி. இதோ, அஞ்சு நிமிஷம்."

கதவைச் சாத்தியதும் ஜம்பு சொன்னான். "மறந்து போச்சுன்னு சொல்லிடேன்."

"அப்புறம் பாக்கறச்சே எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. தெளிக்கத்தானே போறா, எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

கிளிஞ்சல்களைக் கொட்டினாள். குழாயில் பாட்டிலைப் பிடித்தாள். இரண்டு பிடி கல் உப்பு. ஒட்டியிருந்த மணல் கொஞ்சம் அடியில் போய்ப் படிந்தது.

"பாருங்கோ, அசலாட்டமே இல்லை?"

"மம்மி, யே தோ குழாய்த் தண்ணி!" என்றாள் சுவர்ணா.

"சுப் ரஹோ!" என்று அவள் வாயை அடக்கினாள் ருக்கு.

பாட்டிலை மாமி இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாளைக்குக் காலம்பற ஆத்துக்கு வா ருக்கு. பாயசம் பண்றேன்."

மறுநாள் காலை போன ருக்கு, கூடத்திலேயே நின்றுவிட்டாள்.

நாற்காலியில் ஒரு போட்டோ. வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, அரும்பு மீசையோடு சிரிக்கிற பையன். மல்லிகைச் சரம். முன்னால் ஒரு கிண்ணம் பாயசம். பக்கத்தில், திருநீறும் குங்குமமும் இட்ட அந்தப் பாட்டில். சுவரோரம் மாமா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க பிள்ளை," என்றாள் மாமி. "ஒரே பிள்ளை. சரக்குக் கப்பல்ல வேலை. ஆறு வருஷம் முன்னாடி, ஒரிஸ்ஸா பக்கம் புயல்ல கப்பல் போயிடுத்து."

ருக்கு போட்டோவிலிருந்து பாட்டிலுக்குப் பார்வையைத் திருப்பினாள்.

"உடம்பு கிடைக்கலைம்மா. எரிக்கவும் இல்லை, கரைக்கவும் இல்லை. அந்தத் தண்ணியிலதானே இருக்கான்? போய்ப் பாக்கலாம்னு மாமா எத்தனையோ தடவை கூப்பிட்டுட்டார். கடலைப் பாக்கற தைரியம் எனக்கு இல்லை."

மாமி பாட்டிலை மெல்லத் தடவினாள்.

"இன்னிக்கு அவன் நட்சத்திரம். ஆறு வருஷம் கழிச்சுப் பிள்ளை ஆத்துக்கு வந்திருக்கான். நேத்து ராத்திரிதான் நான் நன்னாத் தூங்கினேன். நீ நன்னா இருக்கணும் ருக்கு."

"மாமி, நான்..."

"முதல்ல பாயசம் சாப்பிடு."

ருக்கு கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். எப்படியோ விழுங்கிவிட்டு எழுந்தாள். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

ருக்குவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மாமா, நான் மாமிகிட்ட ஒண்ணு சொல்லணும். பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும்மா." மாமா உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ அந்தண்டை போனப்போ, என் பிள்ளையாச்சேன்னு ஒரு சொட்டு நாக்குல வெச்சுண்டேன். நாகப்பட்டினத்துல பொறந்தவன் நான். கடல் தண்ணி கசக்கும்மா, இது வெறும் உப்பு. அவகிட்ட மட்டும் எந்த நாளும் சொல்லிடாதே."